பன்மை

எழுத்துக்கு முக்கால் தினார் என்றார்
அகபாவிலிருந்து தூரிகையோடு வந்த ஜிர்ஜிஸ்.
அரபு எழுத்தென்றால் அரை தினார்தானாம்.
"ஆங்கிலம் படிப்பவன்தானே காசு கொடுக்கப் போகிறான்?"

அண்ணன் மித்தேர் விரல்விட்டு எண்ணினான்:
பெதூயினுக்கு ஏழு, முகாமுக்கு நாலு.
"ஏழாவதுக்குப் பின்னால் ஓர் எஸ் போடுங்கள்.
நாம் நிறையப் பேர் என்று தெரியட்டும்."

வேண்டாம் என்றேன்.
முக்கால் தினாருக்காகச் சொல்லவில்லை.
பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான்.
அந்தச் சொல்லின் வாலில் தொங்கும் 'இன்'
நம்முடைய 'ஈன்'தான்; ஏற்கெனவே பன்மை.
எஸ்ஸையும் ஒட்டினால்
மக்கள்கள் என்று எழுதியதாகும்.

மித்தேர் சிரிக்கவில்லை.
"அப்படியானால் என் ஒருவனை என்னவென்று கூப்பிடுவார்கள்?"
ஒரு பெதூயின்.
"அதாவது?"
ஒரு பலர்.

ஜிர்ஜிஸ் தூரிகையைத் தகர டப்பாவில் ஊறவிட்டு
ஜீப்பின் நிழலுக்குப் போனார்.
இலக்கணத்துக்கு அவர் கூலி வாங்குவதில்லை.

சிலுவைப் போர்க் காலத்தில்
எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன்
புழுதிக்குள்ளிருந்து வந்த கூட்டத்தைக் காட்டி
இவர்கள் யார் என்று ஊர்க்காரனைக் கேட்டிருப்பான்.
கூட்டத்துக்குரிய பதிலையே அவனும் சொல்லியிருப்பான்.
தனியாக ஒருவன் எதிரே வந்து
தண்ணீர் கேட்டிருந்தால்
சொல் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

கடல் தாண்டிப் போன சொல்
அங்கே என்னென்னவோ வேலை பார்க்கிறது.
மழை நனைக்கும் புல்வெளிக் கல்யாணங்களில்
வாடகைக் கூடாரத்தின் பெயர் அது.
வருடத்துக்கு மூன்று அறை மாறுகிறவன்
"நான் ஒரு பெதூயின்" என்கிறானாம், இரண்டு பெட்டிகளோடு.
மித்தேருக்கு சிமெண்ட் வீடு,
மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி,
மாதத் தவணையில் ஜீப்.
அவன் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதே இல்லை,
இந்தப் பலகை வரைக்கும்.
வீட்டில் நாங்கள் 'அரபு' என்போம், இல்லையென்றால் குலப்பெயர்.
'பது' என்று கூப்பிடுவது மான் நகரத்துக் கடைக்காரர்,
விலையை ஏற்றிச் சொல்வதற்குச் சற்றுமுன்.

ஆனால் அந்த வேர் எனக்குப் பிடிக்கும்.
பாதியா: வெட்டவெளி.
பதா: வெளிப்பட்டான், கண்ணுக்குத் தெரிந்தான்.
ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத இடத்தில்
வருகிறவன் வெகுதூரத்திலேயே தெரிந்துவிடுவான்.
அவன் வந்து சேர்வதற்குள் காப்பி கொதித்துவிடும்.

அன்று பகலில் கேத்ரியோனா என்ற விருந்தாளி
ஜீப்பையும் என் கையிலிருந்த சிவப்புப் பேனாவையும் பார்த்து,
"நீங்கள் உண்மையான பெதூயின்தானா?" என்றாள்.
என்னிடம் அதற்குச் சான்றிதழ் இல்லை.
உப்புப் போதுமா என்று கேட்டேன்.

இரவில் நட்சத்திரம் பார்க்கப் பாறைக்குப் பின்னால் போனவளுக்கு
கைவிளக்கு அணைந்துவிட்டது.
எங்கள் பெயர்கள் மறந்துவிட்டன போல.
இருட்டுக்குள்ளிருந்து
"பெதூயின்! பெதூயின்!" என்று ஒரு குரல்.

மித்தேர் ஜீப்பின் விளக்கைப் போட்டான்.
மைத்துனன் உக்லா செருப்பில்லாமல் ஓடினான்.
நான் திருத்திக்கொண்டிருந்த கட்டுரையோடு எழுந்தேன்.
நாய், அதன் பின்னால் நொண்டி ஆடு.
கடைசியாக ஜிர்ஜிஸ்,
அஸ்யூத்தில் பிறந்த கிறித்தவர்,
முழங்கைவரை நீலப் பெயிண்ட்.

ஒரு கள்ளிப்பெட்டி அளவுப் பள்ளத்தில்
ஒற்றைக் காலணியோடு உட்கார்ந்திருந்தாள்.
வெளிச்சத்தில் எங்களை எண்ணினாள்,
ஆட்டையும் சேர்த்து.
முதலில் கை கொடுத்துத் தூக்கியவர் ஜிர்ஜிஸ்.
"நன்றி, பெதூயின்" என்றாள் அவரிடம்,
கைநிறைய நீலத்தோடு.

அவர் திருத்தவில்லை.
சிவப்புப் பேனா என் விரலில்தான் இருந்தது.
நானும்.